கோல் காத்த தங்கராஜ்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊர்தோறும் கண்மாய் உண்டு. அவற்றுட் பல வான்மழையை நம்பியவை. பங்குனி, சித்திரைத் திங்களில் நீர் வற்றி, வண்டல் வெடித்து, ஆடுமாடுகளின் குளம்படி பட்டு இறுகியதும் கண்மாயின் உள்வாய் சிறுவர்களுக்கு ஆடுகளம் ஆகிவிடும். இருபுறமும் இரண்டிரண்டு செங்கற்களை வைத்து, அவற்றின் இடைவெளியே கோல் என்று வரையறுத்துக்கொண்டு பந்தை உதைக்கத் தொடங்குவர். அவ்வாட்டத்தில் எல்லாரும் முன்னே ஓடிப் பந்தடிக்கவே விரும்புவர். கோலில் நிற்க ஒருவனும் உடன்படான். இறுதியில் வயதிற் சிறியவனோ, காலந் தாழ்த்து வந்தவனோ அங்கே நிறுத்தப்படுவான். ஒறுத்தலாகக் கொடுக்கப்படும் அந்த இடம் உண்மையில் ஆட்டத்தின் மிக அரிய இடம் என்பதை அச்சிறுவர் அறியார். அறிந்தவருள் ஒருவர் பீட்டர் தங்கராஜ். ஆசியாவின் தலைசிறந்த கோல் காவலர் என்று தம் காலத்தில் மதிக்கப்பட்டவர் அவர்.

கோல் காவலரின் கடமை எத்தகையது? காற்பந்து விதிகளின்படி கோலின் அகலம் 24 அடி. உயரம் 8 அடி. ஓர் ஓட்டு வீட்டின் முகப்பைப் போன்ற அவ்விடத்தை ஒருவர் தம் இரு கைகளால் காத்தல் வேண்டும். பெனால்ட்டி எனப்படும் தண்ட உதையோ வெறும் 36 அடித் தொலைவிலிருந்து உதைக்கப்படுவது. மணிக்கு 60 மைல் விரைவில் வரும் பந்து அத்தொலைவைக் கடக்க அரை வினாடியும் ஆகாது. கண் பார்த்து, மனம் தெளிந்து, உடல் பாய்வதற்குள் பந்து வலைக்குள் சென்றிருக்கும். ஆகவே, உதைப்பவனின் இடுப்பையும் ஊன்றிய காலையும் கண்டு, பந்து புறப்படுமுன்பே அதன் போக்கை உணர்தல் வேண்டும். அக்காலத்துப் பந்தோ தோலால் தைக்கப்பட்டது. மழையில் நனைந்தால் கல்லைப் போலக் கனக்கும். இக்காலக் காவலர் அணியும் பஞ்சு வைத்த கையுறைகள் அன்று இல்லை. வெறுங்கையால் பந்தைப் பிடித்தவரே பலர்.

உடல் நோவினும் பெரிது மன நோவு. முன்வரிசை ஆட்டக்காரர் பத்து முறை குறி தவறிப் பதினோராம் முறை பந்தை வலைக்குள் செலுத்தினால், அந்த ஒன்றே நினைவில் நிற்கும். கோல் காவலர் பத்து முறை காத்துப் பதினோராம் முறை தவறினால், அந்த ஒன்றே நினைவில் நிற்கும். இந்த வேறுபாட்டை விளக்க ஸ்காட்லாந்து நாட்டுக் காவலர் ஒருவரின் வரலாறு போதும். பிராங்க் ஹாபி என்பவர் கிளாஸ்கோ நகரின் புகழ்பெற்ற செல்டிக் கழகத்தின் கோல் காவலர். ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு ஊதியம் பெற்றவர். 1961ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 15ஆம் நாள் இலண்டன் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தை எதிர்த்து ஸ்காட்லாந்து ஆடியபோது அவர் கோலில் நின்றார். அப்போது அவருக்கு வயது 22. அன்று இங்கிலாந்து 9 கோல்கள் அடித்தது. ஸ்காட்லாந்து 3 கோல்களே அடித்தது. தோல்வியில் பங்கு பதினொருவர்க்கும் உண்டு. பழியோ பெரும்பாலும் ஒருவர் தலையில் விழுந்தது. அதன்பின் அவர் நாட்டணியில் ஒருமுறையும் ஆடவில்லை. பிற்காலத்தில் அவர் ஆஸ்திரேலியா சென்று குடியேறினார். செல்டிக் கழகத்துக்காக அவர் காத்த ஆட்டங்களைப் பற்றிப் பேசுவார் அரியர். அந்த ஒரு பிற்பகலைப் பற்றி இன்றும் பேசுகின்றனர்.

இத்தகைய இடத்தைத் தாமே ஏற்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதனைக் காத்தவர் தங்கராஜ்.

அவர் 1935ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் அன்றைய ஐதராபாத்து அரசில் பிறந்தார். ஐதராபாத்தின் இரட்டை நகரமாகிய செகந்திராபாத்து ஒரு தண்டு நகரம். படைவீரரும் அவரைச் சார்ந்து வாழ்ந்தோருமாகத் தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே குடியேறியிருந்தன. படைவீரர் இருந்த இடமெல்லாம் காற்பந்தும் இருந்தது. மார்னிங் ஸ்டார், பிரண்ட்ஸ் யூனியன் என்னும் செகந்திராபாத்துக் கழகங்களில் தங்கராஜ் தம் இளமை ஆட்டத்தைத் தொடங்கினார். பின்னர் 1953ஆம் ஆண்டில் இந்தியப் படையிற் சேர்ந்து, சென்னைப் படைப்பிரிவின் பயிற்சி நிலையத்தை அடைந்தார். நீலகிரியில் குன்னூருக்கு அருகே வெலிங்டனில் உள்ளது அந்நிலையம். சமவெளியில் வளர்ந்த இளைஞர் மலைக்குளிரில் நாள்தோறும் ஓடியும் தாவியும் தம் உடலை உரமாக்கிக்கொண்டார்.

அவர் முதலில் ஆடியது கோலில் அன்று. நடு முன்வரிசையில் நின்று கோல் அடிக்கும் இடமே அவருடையது. பின்னரே அவர் கோல் காவலராக மாறினார். புகழ் தேடும் இளைஞர் ஒருவர்க்கு இம்மாற்றம் எளிதன்று. கைதட்டல் பெறும் இடத்தை விட்டுப் பழி பெறும் இடத்துக்குச் செல்வது அது. ஆயினும் இம்மாற்றத்தால் அவருக்கு ஒரு நன்மை விளைந்தது என்று கருதலாம். கள்வன் வரும் வழியை அறிந்தவனே நல்ல காவலன் ஆவான் அல்லவா? பந்தை எங்கே அடிக்கலாம் என்று எண்ணிப் பழகிய மனம், எதிரி எங்கே அடிப்பான் என்பதையும் எளிதில் உணரும். இயற்கையும் அவருக்குத் துணை நின்றது. ஆறடிக்கு மேற்பட்ட உயரம், நீண்ட கைகள், அகன்ற உள்ளங்கைகள் ஆகியவை வாய்க்கப்பெற்றவர் அவர். உயரப் பறந்து வரும் பந்தைக் கூட்டத்தின் நடுவே எழுந்து பறிப்பதில் அவருக்கு நிகரானவர் நாட்டில் இல்லை என்றே அவரோடு ஆடியவர் கருதினர். முன்வரிசையில் ஆடிய கால் வலிமையும் வீண்போகவில்லை. அவர் கோலினின்று உதைத்த பந்து நடுக்கோட்டைத் தாண்டி எதிரியின் எல்லைக்குள் விழும்.

இந்தியாவின் பழமையான காற்பந்துப் போட்டி டுராண்டு கோப்பை. 1888ஆம் ஆண்டில் சிம்லாவில் மார்ட்டிமர் டுராண்டு என்னும் ஆங்கில அதிகாரியால் தொடங்கப்பெற்றது. முதற்கோப்பையை வென்றவர் ராயல் ஸ்காட்ஸ் பியூசிலியர்ஸ் என்னும் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவினர். அந்நாளில் ஆட்டமும் அவர்களுடையது, பரிசும் அவர்களுடையது, நம்மவர் பெரும்பாலும் வேடிக்கை பார்த்தவரே. 1911ஆம் ஆண்டில் மோகன் பகான் அணியினர் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்சயர்ப் படைப்பிரிவை 2–1 என வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியபோதுதான் அந்நிலை மாறத் தொடங்கியது. டுராண்டு கோப்பை இந்தியக் கழகம் ஒன்றின் கைக்கு வர 1940ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு அதனை வென்றது முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம். அக்கோப்பையைத்தான் 1955இல் இந்திய வான்படையை வென்றும், 1958இல் கூர்க்காப் படையணியை வென்றும் வெலிங்டன் வீரர் இருமுறை கைப்பற்றினர். அவ்விரு வெற்றிகளிலும் தங்கராஜுக்குப் பங்குண்டு. மாநிலங்களும் படைத்துறையும் மோதும் சந்தோஷ் கோப்பையை 1960இல் படைத்துறை அணி வென்றபோதும் அவர் முன்னின்றார்.

இனி நாட்டணியின் நிலையைக் காண்போம். 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் நம்மவருட் பெரும்பாலார் வெறுங்காலுடன் ஆடிப் பிரான்சிடம் 1–2 எனத் தோற்றனர். 1952இல் ஹெல்சிங்கியில் யுகோசுலாவியாவிடம் பெற்ற தோல்வி 1–10. பத்துக் கோல்! குளிர்ந்த நாட்டில், வழுக்கும் புல்லில், பூட்சு அணியாத கால்கள் என்ன செய்யும்? அதன்பின்னரே பூட்சு அணிதல் கட்டாயமாக்கப்பட்டது. அப்பெருந்தோல்விக்கு நான்கே ஆண்டுகள் கழித்து, 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4–2 என வென்று அரையிறுதியை அடைந்தது. ஒலிம்பிக் காற்பந்தில் அந்நிலையை எய்திய முதல் ஆசிய நாடு இந்தியாவே. முடிவில் நான்காம் இடம் கிட்டியது. அவ்வணியின் காவலர் இருவருள் ஒருவர் தங்கராஜ். மற்றவர் பம்பாயில் ஆடிவந்த நாராயணன்.

இம்மாற்றத்துக்குக் காரணமானவர் ஐதராபாத்தைச் சேர்ந்த பயிற்சியாளர் சையது அப்துல் ரகீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர் அவர். ஒவ்வொருவர்க்கும் ஏற்ற இடம் எது என்று தேர்ந்து நிறுத்துவதில் அவர் வல்லவர். அவர் தலைமையில் தங்கராஜ் 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்குக்குச் சென்றார். அங்கே இந்தியா இருந்த பிரிவில் மற்ற மூன்று நாடுகள் அங்கேரி, பிரான்சு, பெரு. அங்கேரி அந்நாளில் காற்பந்தில் ஒரு பெருவல்லரசு. அவ்வணியின் முன்வரிசையில் ஆடிய இளைஞர் புளோரியான் ஆல்பெர்ட், பின்னர் 1967இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றவர். அத்தகைய அணியிடம் இந்தியா 1–2 என்றே தோற்றது. எட்டாண்டுகளுக்கு முன் பத்துக் கோல் வாங்கிய நாட்டின் கோலில் அன்று இரண்டே விழுந்தன. பிரான்சுடன் 1–1 எனச் சமநிலை. பெருவிடம் 1–3 எனத் தோல்வி. அக்கடைசி ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ். அதன்பின் இந்தியக் காற்பந்து அணி ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை. எனவே, ஒலிம்பிக் காற்பந்தில் இந்தியா அடித்த கடைசிக் கோல் ஒரு தமிழருடையதாகவே நிற்கிறது. அந்நாளில் மறுமுனையில் கோல் காத்து நின்றவரும் தங்கராஜ் என்னும் தமிழ்ப் பெயர் தாங்கியவரே.

தங்கராஜின் வாழ்வில் மிகப் பெரிய நாள் 1962ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4ஆம் நாள். அன்று இந்தோனீசியாவின் தலைநகராகிய ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் காற்பந்து இறுதியாட்டம் நடைபெற்றது. எதிரி தென்கொரியா. அதே தென்கொரியாவிடம்தான் இந்தியா தன் முதல் ஆட்டத்தில் 0–2 எனத் தோற்றிருந்தது. பின்னர்த் தாய்லாந்தை 4–1, சப்பானை 2–0, அரையிறுதியில் தென்வியட்நாமை 3–2 என வென்று மீண்டும் அதே எதிரியின் முன் வந்து நின்றது.

நின்ற அணி நலமாக இருந்ததா? இல்லை. பின்வரிசைத் தூணாகிய ஜர்னைல் சிங்குக்கு நெற்றி பிளந்து தையல் போடப்பட்டிருந்தது. தங்கராஜோ காய்ச்சலாற் படுத்திருந்து எழுந்தவர். அவர் ஆட இயலாத நிலையில் முந்தைய ஆட்டங்களில் கோல் காத்தவர் பிரத்யுத் பர்மன். வங்கத்தைச் சேர்ந்த அவர் தம் கடமையைச் செவ்வனே செய்து அணியை இறுதிவரை கொண்டுவந்திருந்தார். வெளியிலோ, இந்தியர் என்றாலே சீறும் நிலை. இசுரேல், தைவான் ஆகிய நாடுகளின் வீரர்க்கு இந்தோனீசியா நுழைவு மறுத்திருந்தது. அதனைக் கண்டித்துப் பேசியவர் இந்தியாவைச் சேர்ந்த விளையாட்டு அலுவலர் குரு தத்த சோந்தி. அதனால் மக்கள் சினங்கொண்டு இந்தியத் தூதரகத்தின் முன் கலகம் விளைத்தனர். இறுதியாட்டத்துக்கு முந்திய நாளில் நிகழ்ந்தது அது. மறுநாள் ஏறத்தாழ ஓரிலக்கம் மக்கள் திரண்ட அரங்கில் நம்மவர் காலடி வைத்ததும் எழுந்த ஒலி வாழ்த்தொலி அன்று, எள்ளல் ஒலி.

ரகீம் இரண்டு துணிவான முடிவுகளை எடுத்தார். தையல் போட்ட தலையுடன் இருந்த ஜர்னைல் சிங்கை, அரையிறுதியிற் செய்தவாறே, பின்வரிசையினின்று எடுத்து முன்வரிசையின் நடுவில் நிறுத்தினார். கோலில் பர்மனுக்கு மாற்றாகத் தங்கராஜை மீண்டும் நிறுத்தினார். பர்மன் பிழை ஒன்றும் செய்தவர் அல்லர். வெற்றி பெற்றுவந்த காவலரை மாற்றி, நோயினின்று எழுந்தவரை இறுதியாட்டத்தில் நிறுத்துவது பலர்க்கு அச்சம் தரும் செயல். தோற்றிருந்தால் ரகீமையும் தங்கராஜையும் நாடு என்ன சொல்லியிருக்கும் என்பதை ஊகித்தல் அரிதன்று. ஆனால் உயரப் பந்துகளால் வரும் இடர்க்கு உயரமான காவலரே மருந்து. இடம் விட்டுக் கொடுத்த பர்மனின் பெயரை இன்று பலர் அறியார். அவரும் அவ்வெற்றியின் ஒரு பகுதி என்பதை இங்கே சொல்லாது விடுதல் நடுவுநிலைமை ஆகாது.

ஆட்டம் தொடங்கிய 17ஆம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜி முதற் கோலை அடித்தார். மூன்றே நிமிடங்களில் ஜர்னைல் சிங் இரண்டாம் கோலை அடித்தார். அரங்கின் ஆரவாரம் ஒருகணம் அடங்கியது. அதன்பின் எஞ்சியிருந்தவை 70 நிமிடங்கள். கோல் அடித்தவர்க்கு வேலை முடிந்தது போன்ற காலம் அது. காவலர்க்கோ வேலை தொடங்கிய காலம். இரு கோல் பின்தங்கிய கொரியர் விடாது பந்தைத் தூக்கி அடித்துக்கொண்டு வந்தனர். ஓரிலக்கம் குரல்களின் இரைச்சலில் தம் பின்வரிசையாரைக் கூவி அழைத்தாலும் அவர் காதில் விழுதல் அரிது. 85ஆம் நிமிடத்தில் கொரியர் ஒரு கோல் அடித்துவிட்டனர். இன்னும் ஒன்று விழுந்தால் எல்லாம் சமன். அந்தக் கடைசி ஐந்து நிமிடங்களில் இந்தியக் கோலில் பந்து மறுபடி நுழையவில்லை. 2–1 என ஆட்டம் முடிந்தது. அணித்தலைவர் சுனி கோஸ்வாமியின் கழுத்தில் பொற்பதக்கம் விழுந்தது. 1951இல் தில்லியிற் பெற்ற பொற்பதக்கத்துக்குப் பின் இந்தியக் காற்பந்து பெற்ற இரண்டாம் பொன் அது. அதற்குப்பின் மூன்றாவது இன்றுவரை வரவில்லை. ரகீமின் உடலை அந்நாளிலேயே புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. அவர் 1963ஆம் ஆண்டு சூன் திங்களில் மறைந்தார்.

இவ்வளவு பெரிய ஆட்டக்காரர்க்கு ஆட்டம் சோறு போட்டதா என்று மாணவர் வினவக்கூடும். ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் அந்நாளில் ஆட்டக்காரர்க்குக் கழகங்கள் வார ஊதியம் கொடுத்தன. அங்கும் அது பெருஞ்செல்வம் அன்று. இங்கிலாந்தில் வாரத்துக்கு 20 பவுனுக்கு மேல் கொடுக்கலாகாது என்றிருந்த வரம்பு 1961இல்தான் நீக்கப்பட்டது. இந்தியாவிலோ ஊதியத்துக்கு ஆடும் முறையே ஏற்கப்படவில்லை. ஒலிம்பிக் விதியும் அதனைத் தடுத்தது. ஆகவே ஒவ்வொருவரும் வேறொரு பணியைப் பற்றிக்கொண்டே ஆடினர். பானர்ஜி இரயில்வே ஊழியர், சுனி கோஸ்வாமி வங்கி ஊழியர், தங்கராஜ் படைவீரர். காலையில் அணிவகுப்பு, மாலையில் ஆட்டம் என்பதே வெலிங்டனில் அவர் வாழ்க்கை.

படைத்துறையை விட்டபின் அவர் கல்கத்தா சென்றார். இந்தியக் காற்பந்தின் தலைநகரம் என்று அந்நகரைச் சொல்லுதல் தகும். அங்கே முகம்மதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று பெருங் கழகங்களுக்கும் 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் அவர் கோல் காத்தார். மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் இடையே உள்ள பகைமை உலகறிந்தது. ஒன்றினின்று மற்றொன்றுக்குச் செல்பவர் வசைக்கு ஆளாவர். இருசாராரும் விரும்பி ஏற்ற சிலருள் தங்கராஜ் ஒருவர். கல்கத்தாவில் காற்பந்து மழைக்காலத்து ஆட்டம். சேறு முழங்கால் வரை ஏறும், பந்து வழுக்கும், பந்தோடு பந்தாக எதிரியும் வந்து மோதுவான். காவலரைத் தோளால் இடித்தல் அக்கால விதியில் பெருங்குற்றம் அன்று. அந்நிலையிலும் பந்தை நழுவவிடாத பிடி அவருடையது.

நாட்டணியிலும் அவர் தொடர்ந்தார். 1964இல் ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றபோது அவர் அணியில் இருந்தார். 1966இல் பாங்காக்கு ஆசிய விளையாட்டுக்கும் சென்றார். ஆசியக் கண்டத்தின் சிறந்த ஆட்டக்காரரைக் கொண்டு அமைக்கப்பட்ட அணியிலும் அவருக்கு இடம் கிடைத்தது. இந்திய அரசு 1967ஆம் ஆண்டில் அருச்சுனா விருது அளித்தது.

ஆட்டத்தினின்று ஓய்ந்தபின் அவர் அலிகார் முசுலிம் பல்கலைக்கழகத்தில் மாணவர்க்குப் பயிற்சி அளித்தார். அதன்பின் பொகாரோ உருக்காலையின் விளையாட்டுத் துறையில் சேர்ந்து, அங்கிருந்த காற்பந்துப் பயிற்சிப் பள்ளியைப் பேணி வளர்த்தார். உருக்கும் நிலக்கரியும் சூழ்ந்த அந்நகரில் தொழிலாளர் பிள்ளைகளும் பிறரும் அவரிடம் காற்பந்து கற்றனர். செகந்திராபாத்தில் தொடங்கி, நீலகிரியில் உரம்பெற்று, கல்கத்தாவில் புகழெய்திய அவர் தம் பிற்கால ஆண்டுகளை அந்தத் தொலைவான ஆலை நகரிலேயே கழித்தார். 2008ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 24ஆம் நாள் பொகாரோவில் அவர் காலமானார். எழுபத்து மூன்று வயது நிறைய அப்போது ஒரு திங்களே குறைவாயிருந்தது.